மையமில்லா வலைப்பின்னலில் அமானிதம் யார் கையில்?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, பள்ளியின் ஹவுளுக்கு அருகே சிலர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த இளைஞர் ஒருவர் தம் கைபேசியைக் காட்டி, கிரிப்டோ நாணயத்தின் வழியாக ஊருக்குப் பணம் அனுப்பும் முறையை விளக்கினார். "வங்கி இல்லை, தரகர் இல்லை, அரசாங்கம் இல்லை. யாரையும் நம்ப வேண்டியதில்லை. கணிதத்தை நம்பினால் போதும்" என்றார்.

கொழும்பில் நாற்பதாண்டுகள் துணிக்கடை நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "பணம் வந்து சேரவில்லை என்றால் நான் யாருடைய வாசலில் போய் நிற்பது, தம்பி?"

"யாருடைய வாசலிலும் நிற்க வேண்டிய நிலையே வராது, மாமா" என்றார் இளைஞர்.

கல்லூரியில் பாடம் நடத்தும் இன்னொரு நண்பர் குறுக்கிட்டார். "அப்படிச் சொல்ல முடியாது. அங்கும் இப்போது பெரிய நிறுவனங்கள் நடுவில் வந்து அமர்ந்துவிட்டன. ஆனால் அதனால் என்ன? பணம் விரைவாகப் போய்ச் சேர்கிறது. நடுவில் இருப்பவர் யாராயிருந்தால் நமக்கென்ன?"

இந்த இரு மறுமொழிகளும் தவறானவை என்பதே என் உறுதியான கருத்து. முதலாவது அறியாமையால் வரும் தவறு. இரண்டாவது அறிந்தும் அசட்டையாக இருக்கும் தவறு. ஆகவே அதுவே கூடுதல் ஆபத்தானது. பெரியவரின் கேள்விதான் சரியான கேள்வி. அதற்கு அன்று கிடைக்காத விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ நாணயம் ஹலாலா, ஹராமா என்ற தீர்ப்பை நான் இங்கே வழங்கவில்லை. எகிப்தின் தலைமை முஃப்தி 2018ஆம் ஆண்டு ஜனவரியில் பிட்காயினைக் கூடாது என்றார். இந்தோனேசிய உலமாக்கள் சபை 2021 நவம்பரில் அதை நாணயமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. வேறு கருத்துடைய அறிஞர்களும் உள்ளனர். அந்த ஆய்வு அவர்களுடையது. பணத்தை வாங்கி, வைத்திருந்து, கடத்தி, ஒப்படைக்கும் கை யாருடையது என்ற கேள்வியோ நம் ஒவ்வொருவருடையது. உழைத்துச் சேர்த்த பணத்தை உம்மாவுக்கு அனுப்பும் மகன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

வேகமின்மையில் தொடங்கிய கதை

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008இல் வெளியான பிட்காயின் ஆவணம், இடையில் நிதி நிறுவனம் ஏதுமின்றி ஒருவர் மற்றொருவருக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் முறையை முன்வைத்தது. பேரேடு ஒருவர் கையில் இல்லை. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒவ்வொன்றும் அதன் முழுப்படியை வைத்திருக்கின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு புதிய பக்கம் அதில் சேர்கிறது. இந்த அமைப்பின் அழகை நான் மறுக்கவில்லை. ஒருவர் நினைத்தால் அழித்து எழுதிவிட முடியாத பேரேடு என்பது வியப்புக்குரிய சாதனையே.

ஆனால் அந்தப் பேரேட்டில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஏழு கொடுக்கல் வாங்கல்களுக்கு மேல் எழுத இயலாது. ஒரு பெருநகரத்தின் தேநீர்க் கடைகளுக்குக்கூட இது போதாது. எல்லாக் கணினியும் எல்லாவற்றையும் எழுதிச் சரிபார்க்க வேண்டும் என்பதே இந்த வேகமின்மைக்குக் காரணம். மையத்தைத் தவிர்த்ததற்குக் கொடுத்த விலை அது.

அந்த விலையைக் குறைக்க வந்ததே லைட்னிங் என்னும் வலைப்பின்னல். ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா ஆகிய இருவர் இதன் வரைவை எழுதினர். 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் சாரத்தை நம் ஊர் மளிகைக் கடையின் பற்று நோட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் சில்லறை எண்ணாமல், நோட்டில் எழுதி வைத்து மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிறோம் அல்லவா? அதுபோல, இருவர் சேர்ந்து இரு சாவிகள் உள்ள ஒரு பெட்டியில் பணத்தைப் பூட்டுகின்றனர். அதன் பிறகு தங்களுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் கணக்கை மாற்றி எழுதிக்கொள்கின்றனர். கடைசிக் கணக்கு மட்டும் பொதுப் பேரேட்டில் ஏறுகிறது. இந்தப் பெட்டிக்குத் தடம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எனக்கும் உங்களுக்கும் தடம் உண்டு, உங்களுக்கும் கடைக்காரருக்கும் தடம் உண்டு என்றால், நான் உங்கள் வழியாகக் கடைக்காரருக்குப் பணம் செலுத்தலாம்.

இதைக் கேட்டதும் அந்தப் பெரியவர் சிரித்தார். "இது உண்டியல்தானே?" என்றார். ஓரளவு உண்மைதான். பணம் நேரடியாகப் பயணிக்காமல் இடையில் நிற்போரின் கணக்குகள் வழியாகப் போய்ச் சேர்வது பழைய முறையே. ஆனால் உண்டியலில் இடையில் நின்றவருக்கு முகமும் கடையும் குடும்பமும் இருந்தன என்பதை மறந்துவிட வேண்டாம்.

மையம் எப்படித் திரும்பி வருகிறது?

லைட்னிங் முறையை யாரும் மையப்படுத்தத் திட்டமிடவில்லை. கணக்கின் இயல்பே அதை மையத்தை நோக்கித் தள்ளுகிறது.

ஒரு சிறு வணிகரிடம் 50,000 ரூபாய் மதிப்புள்ள நாணயம் இருக்கிறது என்று கொள்வோம். பத்துப் பேருடன் தடம் திறந்தால் ஒவ்வொன்றிலும் 5,000 தான் பூட்ட முடியும். ஒருவருக்கு 8,000 கொடுக்க வேண்டிய நாளில் அந்த ஒரு தடம் போதாது. துண்டு துண்டாகப் பிரித்து வேறு வழிகளில் அனுப்பலாம்தான். ஆனால் அவ்வழிகளில் நிற்போர் ஒவ்வொருவரிடமும் போதிய பணம் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அவர்கள் கணினிகள் அந்நேரம் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, எல்லோருடனும் தடம் வைத்துள்ள ஒரு பெரிய நிறுவனத்துடன் மட்டும் 50,000க்கும் ஒரே தடம் திறந்துவிட்டால் வேலை எளிதாகிவிடுகிறது. எல்லா வணிகரும் இப்படியே எண்ணுவர். எண்ணியதன் விளைவாக நடுவில் ஒரு மையம் எழும்.

பெறுபவரின் நிலை இன்னும் கடினமானது. இம்முறையில் பணம் பெற வேண்டுமானால், உங்களை நோக்கி யாராவது முன்கூட்டியே பணத்தைப் பூட்டி வைத்திருக்க வேண்டும். கிராமத்தில் இருக்கும் ஓர் உம்மாவின் கைபேசியை நோக்கித் தன் பணத்தைப் பூட்டி வைக்க யார் முன்வருவார்? அதையே தொழிலாகக் கொண்ட பெருநிறுவனம்தான் வரும், கட்டணமும் கேட்கும். மேலும், மறுதரப்பினர் பழைய கணக்கைக் காட்டி ஏமாற்றாமல் இருக்க, தாமோ தம் சார்பில் ஒருவரோ பேரேட்டைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். உம்மாவால் இது ஆகுமா?

பொதுப் பேரேடும் இந்த ஈர்ப்பிலிருந்து தப்பவில்லை. பேரேட்டின் புதிய பக்கங்களை எழுதும் உரிமைக்காகப் போட்டியிடுவோர் தனித்தனியே நின்றால் வருமானம் நிலையற்றது என்பதால் கூட்டுக் குழுக்களாகச் சேர்கின்றனர். 2014ஆம் ஆண்டில் அத்தகைய ஒரே குழு மொத்தக் கணிப்பு ஆற்றலில் பாதியைத் தாண்டியபோது உலகமே பதறியது. அந்தக் குழு பின்வாங்கியது. ஆனால் ஒரு சில குழுக்களின் கையில் பெரும்பங்கு குவியும் இயல்பு மாறவில்லை.

ஆக, "மையமே இல்லை" என்ற முதல் வாதம் இங்கேயே முடிந்துவிடுகிறது. மையம் இருக்கிறது, அதன் பெயர்ப்பலகைதான் இல்லை.

எதிர்வாதத்தின் வலுவான பக்கம்

இனி என் கல்லூரி நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். அதை அதன் மிக வலுவான வடிவில் எடுத்துக்கொள்வதே நீதி.

லைட்னிங்கில் நடுவில் நிற்பவர் உங்கள் பணத்தைத் திருட முடியாது. இது உண்மை. கடத்தப்படும் ஒவ்வொரு தொகையும் ஒரு கணிதப் பூட்டுடன் செல்கிறது. இறுதியில் பெறுபவர் தம்மிடமுள்ள இரகசியத்தை வெளிப்படுத்தினால்தான் வழியில் நிற்போர் ஒவ்வொருவருக்கும் பணம் கைமாறும். வெளிப்படுத்தாவிட்டால் குறித்த காலம் கழிந்து அனுப்பியவருக்கே திரும்பும். நடுவில் நிற்பவரால் செய்ய முடிந்ததெல்லாம் மறுப்பதும், தாமதிப்பதும், கட்டணத்தை உயர்த்துவதும் மட்டுமே. அவர் பிடிக்கவில்லை என்றால் தடத்தை மூடிவிட்டுப் பொதுப் பேரேட்டுக்கே திரும்பிவிடலாம். "வெளியேறும் வாசல் திறந்திருக்கும்போது, உள்ளே மையம் இருந்தால் என்ன?" என்பதே அவர்களின் கேள்வி.

நல்ல கேள்வி. ஆனால் அந்த வாசலைக் கடக்கக் கட்டணம் உண்டு. தடத்தைத் திறக்கவும் மூடவும் பொதுப் பேரேட்டில் எழுத வேண்டும். அங்கே இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஒரு கொடுக்கல் வாங்கலுக்கான சராசரிக் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது. அது விதிவிலக்கான நாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல நாட்களில் கட்டணம் மிகக் குறைவு. ஆயினும் நெருக்கடி நேரத்தில்தான் எல்லோரும் வாசலை நோக்கி ஓடுவர். அந்த நேரத்தில்தான் வாசலின் விலையும் ஏறும். தடத்தில் பத்து இலட்சம் வைத்திருப்பவர் அந்த விலையைக் கொடுத்துவிட்டு வெளியேறுவார். மாதம் 8,000 ரூபாய் பெறும் உம்மாவுக்கு அது திறந்த வாசலா, சுவரில் வரைந்த வாசலா?

இந்தக் காரணத்தால்தான் எளியோர் பெரும்பாலும் தடத்தையும் சாவியையும் தாமே வைத்துக்கொள்வதில்லை. ஒரு நிறுவனத்தின் செயலியில் கணக்குத் திறக்கின்றனர். சாவி நிறுவனத்திடம் இருக்கும். திரையில் தெரியும் தொகை அந்நிறுவனம் தரவேண்டிய கடன் மட்டுமே. "திருட முடியாது" என்ற கணிதப் பாதுகாப்பு அந்த நொடியிலேயே விலகிவிடுகிறது. 2023 நவம்பரில் இவ்வகைச் செயலிகளுள் மிகப் பரவலாகப் பயன்பட்ட ஒன்று அமெரிக்கச் செயலி அங்காடிகளிலிருந்து விலகிக்கொண்டது. யாருக்கும் இழப்பில்லை என்றாலும், அதை நம்பியிருந்தவர்கள் ஓர் உண்மையை அறிந்துகொண்டனர்: மையமில்லாத வலைப்பின்னலில் தாங்கள் நின்ற இடம் ஒரு நிறுவனத்தின் திண்ணை.

எல் சால்வடோர் சொல்லும் பாடம்

இவை ஏட்டுக் கணக்குகள் என்று எண்ணுவோர் எல் சால்வடோரைப் பார்க்கட்டும். வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணம் அந்நாட்டுப் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஏறத்தாழ நம் கடற்கரை ஊர்களின் நிலைதான். 2021 செப்டம்பர் 7 முதல் பிட்காயின் அங்கே சட்டபூர்வ நாணயமாயிற்று. கடல் கடந்து வரும் பணத்துக்கு இடைத்தரகர் பறிக்கும் கட்டணம் மிச்சமாகும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

மக்கள் கையில் கிடைத்தது என்ன? அரசே நடத்திய "சீவோ" என்ற பணப்பைச் செயலி. சாவி குடிமகனிடம் இல்லை. அரசின் ஏற்பாட்டிடம் இருந்தது. பதிவு செய்வோர்க்கு 30 டாலர் அன்பளிப்பு. முதல் நாளிலேயே நெரிசல் தாங்காமல் அந்தச் செயலியைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. உலகின் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிட்காயின் பேரேடு தடையின்றி இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சால்வடோர் மக்களுக்கு அன்று காலை அது நின்றுபோயிருந்தது. தங்கள் அடையாள எண்ணைக் கொண்டு வேறு யாரோ அன்பளிப்பைப் பெற்றுவிட்டதாகப் பலர் புகார் செய்தனர். பேரேட்டில் பிழையில்லை, வாசற்காவலில் பிழை. அந்தக் காவலோ முழுக்க முழுக்க ஒரே மையத்தின் கையில்.

பின்னர் 1,800 குடும்பங்களிடம் நேரில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, செயலியை இறக்கியோரில் பெரும்பாலோர் அன்பளிப்பைச் செலவிட்டபின் அதைத் தொடவில்லை என்று காட்டியது. வெளிநாட்டுப் பணத்தில் இவ்வழியே வந்தது மிகச் சிறு பங்கு. 2024 டிசம்பரில் பன்னாட்டு நாணய நிதியத்துடன் 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு கண்ட அரசு, 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, பிட்காயினை ஏற்பது வணிகரின் விருப்பம் என்றாக்கியது. எந்த வங்கிக்கும் அரசுக்கும் கட்டுப்படாது என்று சொல்லப்பட்ட நாணயத்தின் நாட்டுத் தலைவிதி, ஓர் அரசும் ஒரு கடன்காரரும் எதிரெதிரே அமர்ந்த மேசையில் முடிவாயிற்று. மையம் பொருட்டில்லை என்போர் இதற்கு என்ன சொல்வர்?

நம் பிள்ளைகள் வளைகுடாவில் பிட்காயினைவிடப் பெரிதும் கேள்விப்படுவது டாலருக்கு இணையான மதிப்பில் நிறுத்தப்படும் நாணயங்களை. இங்கே மையம் ஒளிந்திருக்கவும் இல்லை. அவற்றை வெளியிடும் நிறுவனத்தால் எந்த முகவரியையும் முடக்க முடியும், முடக்கியும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஒரு மென்பொருள் சேவையைத் தடைப்பட்டியலில் சேர்த்த உடனே, அத்தகைய நாணயம் ஒன்றை வெளியிடும் நிறுவனம் தொடர்புடைய முகவரிகளில் இருந்த பணத்தை முடக்கியது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டது சரியா தவறா என்பது வேறு பேச்சு. முடக்கும் விசை ஒருவர் கையில் இருக்கிறது; அது நம் நாட்டு நீதிமன்றத்துக்கு எட்டாத கை. நமக்கு இதுவே போதுமான செய்தி.

மார்க்கம் கற்றுத்தந்த கேள்வி

பணம் கைமாறும்போது பொறுப்பு யாருடையது என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், எழுதுபவர் நீதியுடன் எழுதவும், சாட்சிகளை வைக்கவும் அல்லாஹ் ஏவுகிறான் (அல்குர்ஆன் 2:282). ஏடு மட்டும் போதும் என்று அங்கே விடப்படவில்லை. எழுதுபவரும் சாட்சியும் மனிதர்களாக, பெயர் சொல்லி அழைக்கத்தக்கவர்களாக நிற்கின்றனர். திருத்த முடியாத பேரேடு, எழுதியவரின் பொறுப்புக்கு ஈடாகாது.

கடனை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றிவிடும் ஹவாலாவை நம் ஃபிக்ஹு நூல்கள் தனிப் பாடமாகவே விவாதிக்கின்றன. அங்கே அவர்கள் அலசும் கேள்வியைக் கவனியுங்கள். பொறுப்பேற்ற மூன்றாமவர் திவாலாகி இறந்துவிட்டால் கடன் கொடுத்தவர் யாரிடம் போவது? முதற்கடனாளியிடம் திரும்பலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. கடன் மாறியதும் அவர் பொறுப்பு நீங்கிவிட்டது என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. விடையில் வேறுபட்டனர், ஆனால் கேள்வியைத் தவிர்க்கவில்லை. "நிலையே வராது, மாமா" என்று எந்த இமாமும் சொல்லவில்லை.

அமானிதம் பற்றிய சட்டமும் அப்படியே. பாதுகாக்கக் கொடுத்த பொருள் காப்பவரின் தவறின்றி அழிந்தால் அவர்மீது குற்றமில்லை. ஆனால் அதைத் தம் தேவைக்கு எடுத்தாளத் தொடங்கிய நொடியிலிருந்து அவர் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர். 2022 நவம்பரில் திவாலான எஃப்.டி.எக்ஸ். என்ற பரிவர்த்தனை நிறுவனத்தின் குற்றம் இதுதான். வாடிக்கையாளரின் வைப்பு, அதே உரிமையாளரின் வேறொரு நிறுவனத்தின் சூதாட்டத்துக்குச் சென்றது. அதன் நிறுவனர் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவரைக் கூண்டில் ஏற்ற முடிந்தது ஏன்? அவருக்குப் பெயரும் முகவரியும் இருந்தன. அவரை விசாரிக்க ஒரு நீதிமன்றம் இருந்தது. பெயரில்லாத மையம் இதையே செய்திருந்தால்?

இறைத்தூதர் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவை நினைத்துப் பாருங்கள். உயிருக்கே ஆபத்து. அந்நிலையிலும், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருட்களை உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை நியமித்துச் சென்றார்கள். பொருள் கொடுத்தவர்கள் எவர் வாசலுக்கு வர வேண்டும் என்பது அன்றும் தெளிவாக இருந்தது. அமானிதத்தின் இலக்கணம் அதுவே.

நீதிமன்றம் எட்டும் தூரம்

நம் வீட்டுக்கு மிக அருகே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்தியப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட நாணயங்கள் களவு போயின. வாடிக்கையாளர்கள் தம் பணத்தை எடுக்க இயலாமல் மாதக்கணக்கில் தவித்தனர். களவு போகாத நாணயங்களை வைத்திருந்தோரும் இழப்பில் பங்கேற்க வேண்டும் என்ற ஏற்பாடு முன்வைக்கப்பட்டது. தம் நாணயம் களவு போகவில்லையே என்று முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து என்றும், ஒருவர் மற்றொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கத்தக்கது என்றும் 2025 அக்டோபரில் நீதிமன்றம் கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கியது.

நம்பிக்கைப் பொறுப்பு! நாம் அமானிதம் என்று சொல்வதற்கு மிக நெருங்கிய சொல். இந்த வழக்கு இருபுறமும் வெட்டும் வாள். மையத்தில் பணத்தைக் குவித்ததால்தான் ஒரே களவில் அத்தனை பேர் தவித்தனர்; ஆகவே மையம் பொருட்டுதான். மறுபுறம், பெயரும் பதிவும் உள்ள மையமாக இருந்ததால்தான் ஒரு தனிமனிதர் நீதிமன்றத்தில் அதை நிறுத்த முடிந்தது. ஆகவே எத்தகைய மையம் என்பதும் பொருட்டுதான்.

"அப்படியானால் வங்கியே மேல் என்கிறீரா?" என்று கேட்பீர்கள். வங்கிகளின் வட்டியை நான் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் ஒரு தனியார் வங்கியின் வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாது என்று கட்டுப்படுத்தப்பட்டதையும் மறக்கவில்லை. 200 டாலர் அனுப்ப உலகச் சராசரியாக ஏறத்தாழ 6 விழுக்காடு கட்டணம் போவது ஏழையின் வயிற்றில் அடிப்பதே. இந்தக் குறைகளால்தான் இளைஞர்கள் வேறு வழி தேடுகின்றனர்; அவர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வங்கியின் வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. அதற்கு மேல் ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. 5 இலட்சம் ரூபாய் வரை வைப்புக்குக் காப்பீடு இருக்கிறது. மையம் என்று ஒப்புக்கொண்டதால் வந்த பொறுப்புகள் இவை. கிரிப்டோ வலைப்பின்னலின் மையங்களோ அதிகாரத்தை எடுத்துக்கொள்கின்றன. பொறுப்பு என்று வரும்போது "இங்கே மையமே இல்லையே" என்கின்றன. நான் கண்டிப்பது இந்த இரட்டை வேடத்தை. மையமாக இருப்பது குற்றமன்று. மையமாக இருந்துகொண்டு இல்லை என்பது அமானித மோசடியின் முதல் படி.

என்ன செய்ய வேண்டும்?

நம் வீடுகளில் இந்தப் பேச்சு வரும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இரகசியச் சாவி யாரிடம் இருக்கிறது? பணத்தை நிறுத்தவோ முடக்கவோ யாரால் முடியும்? நான் இன்றே வெளியேற விரும்பினால் எவ்வளவு செலவாகும், அந்தச் செலவு என் தொகைக்குத் தகுமா? பணம் வராவிட்டால் யார் பெயரில், எந்த ஊர் நீதிமன்றத்தில் முறையிடுவேன்? நான் செய்வது என் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதா? கடைசிக் கேள்வியை இலேசாக எண்ண வேண்டாம். முறைப்படி அல்லாத வழியில் அயல்நாட்டுப் பணத்தைக் கொண்டுவருவது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு முரணாகலாம். அங்கே சிக்கிக்கொண்டால் இழந்த பணத்தைக் கேட்கும் வாயும் அடைபட்டுவிடும்.

ஐந்துக்கும் தெளிவான விடை சொல்பவர் இருந்தால் அவருடன் பேசுங்கள். "அதெல்லாம் தேவையில்லை, கணிதம் பார்த்துக்கொள்ளும்" என்பவரிடம், கணிதம் எந்த வாசலில் குடியிருக்கிறது என்று கேளுங்கள்.

ஷார்ஜா இளைஞருக்கு என் வேண்டுகோள் இதுதான். தம்பி, உங்கள் அறிவில் எனக்கு மதிப்பு உண்டு. சாவியைத் தாமே வைத்து, தடத்தைத் தாமே கவனிக்கத் தெரிந்த உங்களுக்கு அந்த வலைப்பின்னல் ஓரளவு அது சொல்வதைத் தரக்கூடும். ஆனால் நீங்கள் பணம் அனுப்புவது உங்களுக்கு அன்று, உங்கள் உம்மாவுக்கு. அவரிடம் சாவி இல்லை, வெளியேறும் கட்டணம் இல்லை, முறையிட ஒரு பெயரும் இல்லை. வலைப்பின்னல் எவ்வளவு பரவலானது என்பதை அதன் வலிய முனையில் நின்று அளக்காதீர்கள். உங்கள் உம்மா நிற்கும் முனையில் நின்று அளந்து பாருங்கள்.

பெரியவரின் கேள்வி அன்று ஹவுளோரம் விடையின்றி நின்றது. அதற்கு விடை சொல்ல முடியாத எந்த ஏற்பாட்டிலும், அது எவ்வளவு புதியதாக இருந்தாலும், நம் குடும்பத்தின் ஹலாலான உழைப்பை ஒப்படைக்க நமக்கு உரிமையில்லை. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.